திறந்த மூல மென்பொருளில் இணையக் காணொளி பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கணினிகளைத் துடைத்து, லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டு, தோட்ட வீடுகளுக்குத் திருப்பிக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். டவுனில் ஃபைபர் இருக்கிறது. செம்பனைக்குள் தள்ளி இருக்கும் வீடுகள் பலவற்றில் 4ஜி சிம்தான். பதில்கள் இந்த இரண்டு தரப்பையும் மனத்தில் வைத்து எழுதியவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் வரும். அதே ஒலியைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

1. ஓப்பன் சோர்ஸ்னா ஓசியில கிடைக்கிறதா? அதுக்கும் திருட்டு சிடிக்கும் என்ன வித்தியாசம்?

காசு கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியவர்களே உரிமம் தந்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, விஎல்சி என்ற காணொளி பிளேயர் 1996-இல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை. 2001-இல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டார்கள். அதைப் பென்டிரைவில் போட்டு அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாலும் அது சட்டப்படி சரி.

மென்பொருள் வேறு, அதில் ஓடும் படம் வேறு. பிளேயர் சட்டப்படியானது என்பதால் அதில் பார்ப்பதெல்லாம் சட்டப்படியானதாகிவிடாது. 18-ஆம் கேள்வியில் இதை விரிவாகப் பார்க்கலாம்.

2. பேரு ஏகப்பட்டது சொல்றீங்க. எதை மட்டும் போட்டா போதும்?

கணினிக்கு மூன்று: ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, எஸ்எம்பிளேயர். எஸ்எம்பிளேயருக்குள் வேலை செய்வது எம்பிவி என்ற பிளேயர். பொத்தான், மெனு எல்லாம் வைத்து அதைப் பழகச் சுலபமாக்கித் தருகிறது எஸ்எம்பிளேயர். யூடியூப் மட்டுமே பார்ப்பவர்களுக்கு ஃப்ரீடியூப் இன்னும் எளிது. கைப்பேசியில் யூடியூப் பார்க்க நியூபைப், மற்றதற்கு விஎல்சி. டிவிக்குக் கோடி.

லினக்ஸ் மின்ட் என்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். விண்டோஸ் என்றால் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை அழுத்தி, விஎல்சி என்ற பெயரில் வேறு எதையோ போட்டுக்கொண்ட கணினிகள் நிறைய வந்திருக்கின்றன.

3. ஒரு மணி நேரம் பாத்தா எவ்வளவு டேட்டா போகும்?

ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்பி. (8 பிட் ஒரு பைட், மணிக்கு 3,600 நொடி. வகுத்துப் பெருக்கினால் 450 வரும்.) இதை வைத்து எதையும் கணக்கிடலாம்.

யூடியூப் போன்ற தளங்களில் 360பி சுமார் 0.6 மெகாபிட், அதாவது மணிக்கு 270 எம்பி. 480பி சுமார் 1 மெகாபிட், 450 எம்பி. 720பி 2 முதல் 2.5 மெகாபிட், ஏறக்குறைய 1 ஜிபி. 1080பி 4 முதல் 5 மெகாபிட். 2 ஜிபி பக்கம் போகும். வேகமாக அசையும் படத்துக்குக் கூடும், ஒருவர் உட்கார்ந்து பேசுவதற்குக் குறையும். 15 அங்குல மடிக்கணினியில் நாலடி தள்ளி உட்கார்ந்து செய்தி பார்ப்பவருக்கு 480பி தாராளமாகப் போதும். 1080பி-க்குப் போனால் டேட்டா நாலு மடங்கு ஆகும்; கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

டேட்டாவைக் காலி செய்வது பெரும்பாலும் "ஆட்டோ" என்ற அமைப்பு. லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் அது தானாகவே உயரத்துக்கு ஏறிவிடும். எனவே அளவை நீங்களே பூட்டி வையுங்கள். ஃப்ரீடியூப்பில் செட்டிங்ஸ், பிளேயர் செட்டிங்ஸ், டிஃபால்ட் குவாலிட்டி. எஸ்எம்பிளேயரில் பிரிஃபரன்ஸஸ், நெட்வொர்க், யூடியூப், பிளேபேக் குவாலிட்டி. நியூபைப்பில் "லிமிட் ரெசல்யூஷன் வென் யூஸிங் மொபைல் டேட்டா" என்றே ஓர் அமைப்பு இருக்கிறது: வைஃபையில் 720பி, சிம்மில் 360பி என்று பிரித்து வைக்கலாம்.

4. அன்லிமிடெட் பிளான்தான் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?

அன்லிமிடெட் என்று சொல்வது டேட்டாவின் அளவை. வேகத்துக்கு வேறு வரம்பு இருக்கும். பல பிரிபேய்ட் பிளான்களில் நொடிக்கு 3 மெகாபிட், 6 மெகாபிட் என்று வேகத்தைக் கட்டிவைத்திருப்பார்கள். ஹாட்ஸ்பாட் டேட்டா இன்னொரு தனிக் கணக்கு. கைப்பேசியில் ஓடுகிறது, அதே சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டால் மடிக்கணினியில் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஹாட்ஸ்பாட் கோட்டாவைத்தான்.

அடுத்தது நேரம். இரவு 8 மணிக்குமேல் ஒரே கோபுரத்தில் எல்லோரும் தொங்குவார்கள். லிப்ரேஸ்பீட் என்ற திறந்த மூல வேகச் சோதனையைக் காலை 7 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குறைவாக வந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்களுக்குக் கையில் இருப்பது. இரவில் 1.5 மெகாபிட் வந்தால் 480பி ஓடும், 720பி ஓடாது. அதற்காக ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயன் இல்லை.

5. ஜிங்க் கூரை வீடு. 4ஜி ரௌட்டரை எங்க வைக்கிறது?

கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில், நெஞ்சு உயரத்துக்கு மேலே. தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆகவே கூரையை ஒட்டிய அலமாரி மேல் வைப்பது வீண். செம்பனை மட்டை மழையில் நனைந்தால் சிக்னல் இன்னும் இறங்கும். மழை விட்ட பிறகு சரியாகிறது என்றால் கருவியில் கோளாறு இல்லை. இரண்டு மூன்று இடத்தில் பத்து பத்து நிமிடம் வைத்து வேகத்தை அளந்து, அதிகம் வந்த இடத்தில் ஆணி அடியுங்கள்.

6. விஎல்சியில லைவ் எப்படித் திறக்கிறது?

கண்ட்ரோலோடு என் பொத்தானை அழுத்துங்கள். ஓப்பன் மீடியா சாளரம் நெட்வொர்க் பகுதியில் திறக்கும். அங்கே ஒளிபரப்பின் முகவரியை ஒட்டி பிளே அழுத்தினால் ஓடும். இங்கே கேட்பது பக்கத்தின் முகவரி அல்ல, ஓடையின் (படம் ஓடிவரும் ஸ்ட்ரீமின்) முகவரி. அது பெரும்பாலும் எம்3யு8 என்று முடியும். வானொலி என்றால் எம்பி3 அல்லது ஏஏசி என்று முடியலாம்.

ஓடி ஓடி நின்றால் அதே சாளரத்தில் கீழே "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதைத் தட்டுங்கள். கேச்சிங் என்ற இடத்தில் 1000 எம்எஸ் என்று இருக்கும். ஒரு நொடி அளவுக்கு மட்டும் முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்கிறது என்று பொருள். 5000 ஆக்குங்கள். ஐந்து நொடி தாமதமாகத் தொடங்கும், ஆனால் சின்னச் சின்ன இடறல்களைத் தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ் போய், கீழே "ஆல்" என்பதைத் தேர்ந்து, இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் நெட்வொர்க் கேச்சிங் எண்ணை மாற்றலாம். சராசரி வேகமே போதவில்லை என்றால் கேச் எவ்வளவு கூட்டினாலும் நிற்கத்தான் செய்யும். அதற்கு 3-ஆம் பதில்தான் மருந்து.

7. பேட்மிண்டன் பாக்கிறப்போ பக்கத்து வீட்டுல கத்தி முடிச்ச அப்புறம்தான் எங்க வீட்டுல பாயிண்ட் விழுது. ஏன்?

பக்கத்து வீட்டில் ஆன்டெனாவில் பார்க்கிறார்கள், நீங்கள் இணையத்தில் பார்க்கிறீர்கள். இணைய நேரலை பெரும்பாலும் எச்எல்எஸ் முறையில் வருகிறது. படத்தைச் சுமார் 6 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகச் சர்வரில் வைப்பார்கள். எம்3யு8 என்பது அந்தத் துண்டுகளின் பட்டியல். பிளேயர் கடைசித் துண்டைத் தொடாமல் மூன்று துண்டு பின்னாலிருந்து தொடங்கும்; அப்போதுதான் இடையில் தட்டுப்பாடு வராது. மூன்று துண்டுக்கே 18 நொடி. சுருக்கி அனுப்பும் நேரமும் சேர்ந்தால் அரை நிமிடம் ஆகிவிடும்.

மலேசியாவில் 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பு முழுவதுமாக நின்று, எல்லாம் டிவிபி-டி2 டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. ஆகவே ஆர்டிஎம் டிவி2 போன்ற அலைவரிசைகளுக்கு டேட்டாவே தேவையில்லை: வீட்டு டிஜிட்டல் பெட்டி அல்லது டிவிபி-டி2 என்று தெளிவாக எழுதியிருக்கும் யுஎஸ்பி ட்யூனர் போதும். ட்யூனரை லினக்ஸில் காஃபைன் என்ற மென்பொருளில் பயன்படுத்தலாம். வெறும் டிவிபி-டி என்று போட்டிருந்தால் வாங்க வேண்டாம், இங்கே உதவாது.

8. யூடியூப் லிங்கை விஎல்சியில போட்டா முன்ன ஓடுச்சு, இப்ப ஓட மாட்டேங்குது.

யூடியூப் பக்கத்திலிருந்து உண்மையான ஓடையின் முகவரியைத் தோண்டி எடுக்க விஎல்சி லுவா என்ற மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரலைப் பயன்படுத்துகிறது. யூடியூப் தன் பக்கத்தை மாற்றும்போதெல்லாம் அது உடையும். விஎல்சியின் புதுப் பதிப்பு மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். உங்கள் கணினியில் பழுது இல்லை.

இந்த வேலைக்கென்றே இருப்பது ஒய்டி-டிஎல்பி. 2006-இல் தொடங்கிய யூடியூப்-டிஎல் என்ற நிரலிலிருந்து 2021-இல் பிரிந்தது. எம்பிவியும் எஸ்எம்பிளேயரும் உள்ளுக்குள் இதைத்தான் அழைக்கின்றன. இது அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளின் மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பது பல மாதம் பழையதாக இருக்கும். அதை நீக்கிவிட்டு, திட்டத்தின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்து நேரடியாக எடுத்து வையுங்கள். 2025 இறுதியிலிருந்து யூடியூப்பை முழுமையாக இயக்க டெனோ போன்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் கணினியில் இருக்க வேண்டும். "புதுசாத்தான் போட்டேன், பாதி ஃபார்மேட்தான் காட்டுது" என்பவர்களிடம் விட்டுப்போனது பெரும்பாலும் இந்த டெனோதான்.

9. எம்பிவி திறந்தா கறுப்பு ஜன்னல் மட்டும்தான் வருது. பட்டனே இல்லையே?

அதுதான் அதன் அழகு. பழைய கணினியில் அத்தனை லேசாக ஓடுவதற்கும் அதுதான் காரணம். உலாவியிலிருந்து இணைப்பை இழுத்து அந்தக் கறுப்பு ஜன்னலில் போடுங்கள், ஓடும். பிறகு எல்லாம் விசைப்பலகை: நீளப் பொத்தான் நிறுத்தவும் தொடரவும், இட வல அம்பு 5 நொடி பின்னால் முன்னால், மேல் கீழ் அம்பு ஒரு நிமிடம், 9 சத்தம் குறைக்க, 0 கூட்ட, எஃப் முழுத்திரை. ஷிஃப்டோடு கியூ அழுத்தி மூடினால் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும். சதுர அடைப்புக்குறிகள் வேகத்தைக் குறைக்கும், கூட்டும். பாடக் காணொளி பார்க்கும் பிள்ளைகளுக்கு இது அருமையான வசதி.

10. 2012-ல வாங்கின லெப்டாப்பு. லைன் நல்லாத்தான் இருக்கு. படம் தத்தித் தத்தி ஓடுது, காத்தாடி கத்துது. தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போட வேண்டாம். காணொளி சுருக்கப்பட்டுத்தான் வருகிறது; அதை விரித்துக் காட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று, அதற்கென்றே சிப்பில் பதித்த தனிச் சுற்று. இன்னொன்று, பொதுவான சிபியு மூச்சு வாங்கிக்கொண்டு செய்வது. தனிச் சுற்று எந்த வகைச் சுருக்கத்தைப் புரிந்துகொள்ளும் என்பது சிப் செய்த அன்றே முடிவாகிவிட்டது. உங்கள் மூன்றாம் தலைமுறை இன்டெல் சிப்புக்கு எச்.264 தெரியும். 2013-இல் வந்த விபி9 தெரியாது, 2018-இல் வந்த ஏவி1 தெரியாது. இன்டெல்லில் விபி9 முழுமையாக வந்தது ஏழாம் தலைமுறையில், ஏவி1 பதினோராம் தலைமுறையில். யூடியூப் உங்கள் உலாவிக்கு விபி9-ஐயோ ஏவி1-ஐயோ தள்ளுகிறது. சிபியு முழுவதும் அதிலேயே போகிறது. காத்தாடி கத்துவது அதனால்தான்.

தீர்வு: ஃபயர்ஃபாக்ஸில் என்ஹான்ஸ்டு எச்264ஃபை என்ற நீட்சியைப் போட்டு, விபி9, ஏவி1 இரண்டையும் தடுங்கள். யூடியூப் எச்.264-க்கு இறங்கி வரும். லினக்ஸில் இன்டெல் சிப்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115-இலிருந்து (2023) அந்தத் தனிச் சுற்றைத் தானாகவே பயன்படுத்தும். அதற்கு உங்கள் காலத்துச் சிப்புக்கு ஐ965 என்ற விஏ-ஏபிஐ டிரைவர் நிறுவப்பட்டிருக்க வேண்டும். விஎல்சியில் பிரிஃபரன்ஸஸ், இன்புட்/கோடெக்ஸ், ஹார்ட்வேர்-ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

விலையும் சொல்லிவிட வேண்டும்: எச்.264 அதே தரத்துக்கு விபி9-ஐவிடக் கூடுதல் டேட்டா எடுக்கும். ஃபைபர் வீட்டில் கவலையில்லை. சிம் வீட்டில் ஒரு படி இறக்கி 360பி-யில் வையுங்கள்; அந்த அளவில் பழைய சிப் விபி9-ஐயே சமாளித்துவிடும், நீட்சியே தேவைப்படாது.

11. சரி, குத்தம் லைன்லயா கணினியிலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எம்பிவியில் படம் ஓடும்போது ஷிஃப்டோடு ஐ அழுத்துங்கள். இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வந்து நிற்கும். அதில் மூன்று வரி போதும். கேச் என்ற வரியில் எத்தனை நொடிப் படம் கையிருப்பு என்று இருக்கும். 10, 20 என்று நின்றால் லைன் நலம். 4, 3, 1 என்று வடிந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் படம் நின்றால் லைன் போதவில்லை. டிராப்டு ஃப்ரேம்ஸ் என்ற வரியின் எண் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போனால் லைனைத் திட்டாதீர்கள், சிப் திணறுகிறது. மூன்றாவதாக எச்டபிள்யூ என்ற சொல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தனிச் சுற்று வேலை செய்கிறது. தெரியவில்லை என்றால் 10-ஆம் பதிலுக்குப் போங்கள்.

விஎல்சியில் கண்ட்ரோலோடு ஜே, பிறகு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாவல். வீடியோவின் கீழே "லாஸ்ட்" என்ற எண். யூடியூப் பக்கத்திலேயே என்றால் படத்தின்மேல் வலது சொடுக்கு, "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்". அங்கே பஃபர் ஹெல்த் என்பது கையிருப்பு நொடி. கோடெக்ஸ் வரியில் ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1.

12. லினக்ஸ் போட்ட அப்புறம் சில வீடியோ சத்தம் வருது, படம் வரல.

கோடெக் (படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் நிரல்) பொதி விட்டுப்போயிருக்கிறது. எச்.264 போன்றவற்றுக்குக் காப்புரிமைச் சிக்கல் இருப்பதால் சில லினக்ஸ் பதிப்புகள் அதைத் தனியாக வைத்திருக்கின்றன. மின்ட்டில் சவுண்ட் அண்ட் வீடியோ மெனுவில் "இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ்". ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியம். போட்டு முடித்து உலாவியை மூடித் திறங்கள்.

13. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வருது.

கட்டம் என்றால் தமிழ் எழுத்துரு இல்லை: நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவுங்கள். "à®" மாதிரிக் குப்பையாக வந்தால் எழுத்துரு இருக்கிறது, குறியாக்கம் தவறு. விஎல்சி பிரிஃபரன்ஸஸில் சப்டைட்டில்ஸ் பகுதி, டிஃபால்ட் என்கோடிங், யுடிஎஃப்-8. அதற்குக் கீழேயே எழுத்துருவையும் தேர்ந்து வைக்கலாம். எழுத்து வருகிறது ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது என்றால் பிளேயர் மிகப் பழையது, புதுப் பதிப்புக்கு மாறுங்கள்.

14. கைப்பேசித் திரையை அணைச்சாலும் பாட்டு ஓடணும். முடியுமா?

நியூபைப்பில் காணொளியைத் திறந்து ஹெட்போன் படம் போட்ட "பேக்ரவுண்ட்" பொத்தானை அழுத்துங்கள். ஒலி மட்டும் ஓடும், படத்தை இறக்கவே இறக்காது. 128 கிலோபிட் ஒலி என்றால் 3-ஆம் பதிலின் கணக்குப்படி மணிக்கு 58 எம்பிதான். அதிகாலையில் மரம் வெட்டப் போகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக் கேட்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

நியூபைப் பிளே ஸ்டோரில் இருக்காது. எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடையை அதன் தளத்திலிருந்து போட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். "தெரியாத மூலம்" என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அந்த அனுமதியை எஃப்-டிராய்டுக்கு மட்டும் கொடுங்கள், உலாவிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

15. நேத்து வரைக்கும் ஓடின நியூபைப் இன்னிக்கு எதைத் தொட்டாலும் எர்ரர்.

8-ஆம் பதிலில் சொன்ன அதே காரணம்தான். திருத்தம் பெரும்பாலும் சில நாளில் வரும். ஆனால் எஃப்-டிராய்டின் பொதுக் களஞ்சியத்தில் அது தொகுக்கப்பட்டு வர மேலும் சில நாள் ஆகும். நியூபைப்பின் சொந்தக் களஞ்சியத்தை எஃப்-டிராய்டுக்குள் சேர்த்துவிட்டால் உடனே கிடைக்கும்.

ஒரு கவனம்: இரண்டு இடத்துப் பதிப்புக்கும் கையொப்பம் வேறு. ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, பழையதை நீக்கித்தான் புதியதைப் போட முடியும். நீக்கினால் சந்தாப் பட்டியலும் போய்விடும். ஆகவே முதலில் செட்டிங்ஸில் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து, நிறுவிய பிறகு இம்போர்ட் செய்யுங்கள்.

16. பாட்டிக்கு மின்னல் எஃப்எம் மட்டும் போதும். அதுக்கு இவ்வளவும் வேணுமா?

வேண்டாம். எஃப்எம் எடுக்கும் இடமென்றால் பேட்டரி ரேடியோவே போதும். எடுக்காத இடத்தில் ஆண்ட்ராய்டில் ரேடியோடிராய்டு, லினக்ஸில் ஷார்ட்வேவ். இரண்டும் ரேடியோ பிரௌசர் என்ற திறந்த பட்டியலைப் பயன்படுத்துகின்றன. மலேசியா என்று தேடி, வேண்டிய நிலையத்தை ஃபேவரிட்டில் வைத்து, முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்தால் பாட்டிக்கு ஒரே தட்டு. பட்டியலில் ஒரே நிலையத்துக்கு இரண்டு மூன்று வரி இருக்கும், சில செத்திருக்கும். ஓடுவதையும் கிலோபிட் குறைந்ததையும் பார்த்து எடுங்கள்.

17. காசு கட்டித்தான் நெட்ஃபிளிக்ஸ் வெச்சிருக்கேன். விஎல்சியில ஓடுமா?

ஓடாது. அந்த ஓடை வைட்வைன் என்ற பூட்டோடு வருகிறது. பூட்டைத் திறக்கும் பகுதி கூகுளுடையது, திறந்த மூலம் அல்ல. விஎல்சி, எம்பிவி இரண்டிலும் அது இல்லை.

லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸில் பார்க்கலாம். செட்டிங்ஸ், ஜெனரல், "பிளே டிஆர்எம்-கண்ட்ரோல்டு கன்டென்ட்" என்பதில் குறியிட்டால் அந்தப் பகுதியை இறக்கிக்கொள்ளும். முழுத் திறந்த மூலம் வேண்டும் என்பவர்கள் அதைத் தொடாமலே விடலாம். அந்த முடிவை ஃபயர்ஃபாக்ஸ் உங்கள் கையில் விட்டிருப்பது நல்ல விஷயம். லினக்ஸில் பூட்டு மென்பொருள் அளவில் மட்டும் இயங்குவதால் உயர்ந்த தரத்தைத் தரமாட்டார்கள், 720பி அளவோடு நிற்கலாம். கணினியில் கோளாறு என்று தேடி அலைய வேண்டாம்.

18. பாசார் மாலாம்ல ஒரு பொட்டி விக்கிறாங்க. ஒரு தடவை காசு குடுத்தா எல்லாச் சேனலும் வருமாம். உள்ள கோடிதான் இருக்குன்னு சொல்றான். அப்ப அது ஓப்பன் சோர்ஸ்தானே?

கோடி திறந்த மூலம்தான். ஆனால் கோடி வெறும் பிளேயர்; அதை எழுதுகிறவர்கள் எந்தச் சேனலும் தருவதில்லை. "எல்லாச் சேனலும்" வருவது, அனுமதி இல்லாமல் ஓடையைத் திருப்பிவிடும் ஆட்-ஆன்களால். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, 2022-இல் திருத்தப்பட்டு 43ஏஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் ஸ்ட்ரீமிங் கருவிகளைச் செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது, பிறருக்கு அணுக வழி செய்து கொடுப்பது எல்லாம் குற்றம். 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அக்காள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் என்று நாலு பெட்டி வாங்கி விற்று நாலு வெள்ளி பார்க்க நினைக்கும் பையன்கள் இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்க வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றப்பட்டு வருகிறது. பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டு வைஃபைக்குள் உட்கார்ந்திருக்கும். அதே வைஃபையில்தான் நீங்கள் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள்.

19. அப்போ நேர்மையா ஒரு டிவிப் பெட்டி செய்ய என்ன வேணும்?

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, 16 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டை, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் யுஎஸ்பி-சி மின்வழங்கி, மைக்ரோ எச்டிஎம்ஐ வடம். கோடியை ஓட்டுவதற்கென்றே செய்த லினக்ஸ்தான் லிப்ரேஎலெக். அதன் தளத்தில் கிடைக்கும் கிரியேட்டர் மென்பொருளால் அதை அட்டையில் எழுதி, செருகி, மின்சாரம் கொடுத்தால் நேராகக் கோடியில் போய் நிற்கும். வடத்தை மின்செருகிக்குப் பக்கத்துத் துளையில் செருகுங்கள். டிவி அமைப்பில் சிஇசி (அனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர்) முடுக்கினால் டிவி ரிமோட்டே கோடிக்கும் வேலை செய்யும்.

திரை மூலையில் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை. பழைய கைப்பேசிச் சார்ஜரை மாட்டியிருப்பார்கள். பை 5 புதியதாயிற்றே, அதை வாங்கலாமா என்று கேட்பார்கள். பை 5-இல் எச்.264-க்கான தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள், சிபியுதான் செய்கிறது. அதன் சிபியு வலுவானது, சமாளித்துவிடும். ஆனால் இந்த வேலைக்காகக் கூடுதல் காசு போட அவசியமில்லை. கோடியின் யூடியூப் ஆட்-ஆன் உங்கள் சொந்த ஏபிஐ சாவியை (யூடியூப்பை அணுக அனுமதிக்கும் குறியீட்டை) கேட்கும், அதைக் கூகுள் கணக்கில் இலவசமாக உருவாக்க வேண்டும். இந்த ஒரு படியில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் ஒதுக்கி ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

20. நியூபைப், ஒய்டி-டிஎல்பி எல்லாம் யூடியூப் ஒத்துக்குதா?

ஒத்துக்கொள்வதில்லை. யூடியூப்பின் பயன்பாட்டு விதிகள் அவர்கள் தரும் வழியில் மட்டும் பார்க்கச் சொல்கின்றன. மென்பொருள் உரிமம் சரியாக இருப்பதும் தளத்தின் விதி என்ன சொல்கிறது என்பதும் இரண்டு தனி விஷயம், இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விதிக்குள்ளேயே இருக்க விரும்பினால் ஃபயர்ஃபாக்ஸில் 480பி-யைப் பூட்டிப் பார்த்தாலே டேட்டாப் பயன் பெரும்பகுதி கிடைத்துவிடும். விளம்பரம் இல்லாமல் பார்த்தால் படைப்பாளருக்குக் காசு போகாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நம் ஊர்த் தமிழ்க் காணொளிக்காரர்களுக்கு அந்தச் சில வெள்ளி பெரிய பணம்.

21. பிள்ளைங்களுக்குப் பாடத்தை எடுத்து வெச்சு, லைன் இல்லாதப்ப காட்டலாமா?

பகிர்வதற்கென்றே உரிமம் தந்த காணொளிகளைத் தாராளமாக எடுத்து வைக்கலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. லினக்ஸ், லிப்ரேஆபிஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒவ்வொரு பக்கத்திலும் இறக்கும் வழி இருக்கும், உரிமத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பியர்டியூப் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடும் காணொளித் தளங்களில் காணொளிக்குக் கீழே டவுன்லோட் இருந்தால் படைப்பாளரே அனுமதித்திருக்கிறார்.

டவுனில் வைஃபை இருக்கும் இடத்தில் பென்டிரைவில் இறக்கி வந்து விஎல்சியில் போடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றி வையுங்கள்.

22. கோவில் மண்டபத்துல முப்பது பேரு சேர்ந்து பத்துமலைத் தைப்பூச நேரலை பாக்கணும். ஒரே ஒரு 4ஜி ரௌட்டர்தான் இருக்கு.

முப்பது கைப்பேசியில் தனித்தனியாகத் திறந்தால் 480பி-க்கே 30 மெகாபிட் வேண்டும். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், 720பி என்றால் 2.5 மெகாபிட் போதும். ரௌட்டரின் கடவுச்சொல்லை அன்றைக்கு மாற்றிவிட்டு, மடிக்கணினியை வடத்தில் இணையுங்கள். 6-ஆம் பதிலின்படி கேச்சை 10000 ஆக்குங்கள், பத்து நொடித் தாமதத்தை இங்கே யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. திரை தானாக அணைவதையும், மென்பொருள் புதுப்பிப்பையும் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். முதல் நாள் இரவு அதே நேரத்தில் எம்பிவியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 11-ஆம் பதிலில் சொன்ன கேச் வரி வடிந்தால் 480பி-க்கு இறங்குங்கள்.

ஒலியை மண்டப மிக்ஸருக்குக் கொடுத்ததும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது பூமி இணைப்பின் சுழற்சி, ஒலி வடத்துக்கு நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்தால் தீரும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் வாய் முன்னே அசையும், சத்தம் பின்னே வரும்: விஎல்சியில் ஜே பொத்தானை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒலி 50 மில்லிநொடி முன்னே நகரும், கே அழுத்தினால் பின்னே போகும். மேளம் அடிக்கும் கையைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். குச்சி தோலில் படும் கணமும் சத்தமும் ஒன்றாகும் வரை நாலைந்து தட்டு போதும்.